திரை சொன்னது வலது பின் டயரை, செத்தது இடது முன் சென்சார்

பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது அந்த வண்டி எங்கள் கடைக்கு வந்தது. அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு போகும் சாலையில், டயர் விற்பனை, அலைன்மென்ட், பேலன்சிங் மூன்றும் சேர்ந்த சின்னக் கடை எங்களுடையது. ஏற்காடு ஏறுகிற வண்டியும் இறங்குகிற வண்டியும் பெரும்பாலும் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகும். வண்டிக்காரர் நாகலூர் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர். வாரம் ஒருமுறை சேலம் இறங்கி, லீ பஜாரில் வேலையை முடித்துவிட்டு இருட்டுவதற்குள் ஏறிவிடுவார். வண்டி 2018 மாடல் காம்பாக்ட் எஸ்யூவி. 61,000 கிலோமீட்டர் ஓடியது. முன்சக்கர இழுவை, 16 அங்குல அலாய் ரிம், நான்கு டயருக்கும் 33 பிஎஸ்ஐ. நான்கு ரிம்மிலும் கம்பெனி போட்ட டிபிஎம்எஸ் சென்சார், அதாவது டயர் அழுத்தத்தைக் கண்காணிக்கும் சென்சார். ஒவ்வொரு டயரின் அழுத்தமும் டேஷ்போர்டில் தனித்தனி எண்ணாக வரும்.

கதவைத் திறந்து இறங்கும்போதே சொன்னார்: "தம்பி, ஒரு டயருக்கு நம்பர் வரலைன்னு மூவாயிரத்து இருநூறு ரூபா செலவு பண்ணி சென்சார் மாத்தினேன். இப்ப ரெண்டு டயருக்கு வரலை."

திரையைப் பார்த்தேன். இடது முன் 30, இடது பின் 30. வலது முன்னும் வலது பின்னும் வெறும் கோடு. இக்னிஷன் போட்டதும் மஞ்சள் விளக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் கண் சிமிட்டிவிட்டு, அப்புறம் அணையாமல் நின்று எரிந்தது.

முன்கதை

இதில் எனக்கும் பங்கு உண்டு. நவம்பர் கடைசியில் பெரியவர் போன் செய்திருந்தார். காலையில் வண்டியை எடுத்தால் விளக்கு எரிகிறது, அடிவாரம் வருவதற்குள் அணைந்துவிடுகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டார். கடையில் கூட்டம். "குளிருக்கு அப்படித்தாங்க ஐயா இருக்கும், காத்து கொஞ்சம் வெச்சுக்குங்க" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். சொன்னது பொய்யில்லை, ஆனால் பாதிதான். அவர் பெட்ரோல் பங்கில் காற்று வைத்தார். மறுநாள் காலை தன் கையிலிருந்த காற்றழுத்தக் கேஜை வைத்துப் பார்த்தால் அதில் 30 வருகிறது, திரையில் 28 தெரிகிறது. இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் கேஜில் இருபத்தெட்டரை, திரையில் 26, விளக்கும் எரிகிறது. சென்சார் பொய் சொல்கிறது என்று அன்றே முடிவு கட்டிவிட்டார்.

டிசம்பர் நடுவில் வேறு மாதிரி ஆரம்பித்தது. காலையில் வலது பின் டயருக்கு எண் வருவதில்லை, கோடு மட்டும். சேலம் இறங்கி வெயில் பட்டபிறகு எண் வந்துவிடும். மாதக் கடைசியில் எப்போதுமே கோடுதான், விளக்கும் சிமிட்ட ஆரம்பித்துவிட்டது. ஏற்கெனவே போனில் கேட்டு உருப்படியான பதில் கிடைக்காததால் என்னிடம் வரவில்லை. வேறொரு கடைக்குப் போனார். அவர்கள் திரையைப் பார்த்தார்கள், வலது பின் வீலைக் கழற்றினார்கள், பழைய சென்சாரை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டார்கள். இரண்டு நாள் ஓட்டினால் தானாகப் பிடித்துக்கொள்ளும் என்று சொல்லி அனுப்பினார்கள். மூன்றாம் நாள் வலது முன்னும் கோடானது.

இரண்டு வெவ்வேறு விஷயம் ஒரே விளக்கில் எரிந்ததுதான் முதல் குழப்பம். நவம்பரில் எரிந்தது சிமிட்டாமல் எரிந்தது. காற்று குறைவு என்று அதற்கு அர்த்தம். டிசம்பரில் எரிந்தது ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் சிமிட்டிவிட்டு நின்றது; அமைப்பிலேயே பழுது, ஏதோ ஒரு சென்சாரின் பேச்சு கேட்கவில்லை என்று அதற்கு அர்த்தம். அமெரிக்காவில் 2007 செப்டம்பருக்குப் பிறகு எல்லா புதிய கார்களுக்கும் கட்டாயமான விதியிலேயே இந்தச் சிமிட்டல் வேறுபாடு இருக்கிறது. நம் ஊருக்கு வரும் பல மாடல்களும் அதே வழக்கத்தைத்தான் பின்பற்றுகின்றன. வண்டி வாங்கும்போது இதை யாரும் சொல்லித் தருவதில்லை. விளக்கு எரிகிறது என்று போன் வந்தால் இப்போது நான் முதலில் கேட்பது, சிமிட்டுகிறதா நின்று எரிகிறதா என்பதைத்தான். அன்று கேட்டிருக்க வேண்டும்.

மலைமேல் 26, கேஜில் இருபத்தெட்டரை

சென்சாரைத் தொடுவதற்கு முன் பெரியவரின் கேஜ் வழக்கைத் தீர்க்க வேண்டியிருந்தது. இல்லையென்றால் எதைச் சரிசெய்தாலும் அவர் நம்பப்போவதில்லை. அவருடைய கேஜையே வாங்கி எங்கள் வாசலில் நான்கு டயரிலும் வைத்தேன். வலது முன் 31, இடது பின் 31, இடது முன் 30. வலது பின்னில் மட்டும் 33, அந்தக் கடைக்காரர்கள் புதிதாக அடித்த காற்று. திரையில் தெரிந்த இரண்டும் 30. கேஜுக்கும் திரைக்கும் ஒன்றுக்கு மேல் வித்தியாசம் இல்லை. மேலே இரண்டரை வித்தியாசம் காட்டிய அதே கேஜ், அதே சென்சார்.

பெரியவர் கேஜைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கீழ வந்தா ஒத்துப்போகுது. மேல போனா சண்டை போடுது. என்னங்க தம்பி கணக்கு இது?"

கணக்கு இதுதான். காற்றழுத்தம் என்பது நம் தலைக்கு மேலே நிற்கும் காற்றின் கனம். கடல் மட்டத்தில் 14.7 பிஎஸ்ஐ. சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இங்கே 14.2 அளவு. ஏற்காடு 1,500 மீட்டருக்குச் சற்று மேலே, அங்கே 12.3 அளவுதான். கையில் பிடிக்கும் கேஜ் டயருக்கு உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கும் வெளியே இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டுகிறது. சென்சார் டயருக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது, வெளிக்காற்று எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. உள்ளே இருக்கும் மொத்த அழுத்தத்தை அளந்து அனுப்புகிறது. வெளிக்காற்றின் பங்கைக் கழிப்பது வண்டியின் கம்ப்யூட்டர் வேலை. சில வண்டிகள் இன்ஜினுக்கென்று இருக்கும் காற்றழுத்த சென்சாரைக் கேட்டு, நிற்கும் இடத்துக்குத் தகுந்தபடி கழிக்கும். சில வண்டிகள் எங்கே நின்றாலும் கடல் மட்டக் கணக்கில் 14.7ஐக் கழித்துவிடும். பெரியவரின் வண்டி இந்த இரண்டாம் ரகம். சேலத்தில் இதனால் வரும் பிசகு அரை பிஎஸ்ஐதான், கண்ணுக்கே தெரியாது. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போனால் அதுவே இரண்டரை ஆகிவிடும்.

அதோடு குளிர் சேர்ந்துகொள்கிறது. அவர் காற்று வைப்பது எப்போது? சேலத்தில், வேலையெல்லாம் முடித்த பிறகு, ஓடிச் சூடான டயரில், பங்கில். டயர் 45 டிகிரி சூட்டில் இருக்கும்போது 32 வைத்தால், மறுநாள் விடிகாலை நாகலூரில் 12 டிகிரிக்கு இறங்கும்போது உள்ளே இருக்கும் அழுத்தம் கிட்டத்தட்ட 5 பிஎஸ்ஐ குறைந்துவிடும். பத்து டிகிரிக்கு ஏறக்குறைய ஒன்றரை என்று மனக்கணக்காக வைத்துக்கொள்ளலாம். இரண்டு வாரத்தில் டயர் தானாகக் கசியவிடும் அரை பிஎஸ்ஐயையும் கழித்தால், திரையில் 26, கேஜில் இருபத்தெட்டரை. அவர் சொன்ன எண்களே வந்து நிற்கின்றன. சிபாரிசு செய்த 33இல் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால், அதாவது 26 சொச்சத்தில், இந்த வண்டியில் விளக்கு எரியும். சென்சார் ஒரு பொய்யும் சொல்லவில்லை. டயரில் காற்று நிஜமாகவே குறைவாக இருந்தது, மலை அதை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டியது.

நைட்ரஜன் அடித்தால் இதெல்லாம் இருக்காதே என்று பக்கத்தில் நின்ற வேறொரு வாடிக்கையாளர் உள்ளே நுழைந்தார். சாதாரணக் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். குளிருக்குச் சுருங்குவதில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. நைட்ரஜனை விற்கிற நானே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கழற்றாமல் கேட்டது

சென்சாரைச் சோதிக்கும் டூல் கைபேசியைவிடக் கொஞ்சம் தடிமனானது. அதை வால்வுக்குப் பக்கத்தில் டயரின் விலாவில் வைத்து அழுத்தினால் 125 கிலோஹெர்ட்ஸில் சென்சாரைத் தட்டி எழுப்பும். எழுந்த சென்சார் 433.92 மெகாஹெர்ட்ஸில் பதில் சொல்லும்: அழுத்தம், வெப்பம், பேட்டரி நிலை, எட்டு இலக்க அடையாள எண். அமெரிக்க வண்டிகளுக்குப் பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸ். ஆன்லைனில் விலை குறைவென்று அந்த ரகத்தை வாங்கிவந்து நின்றவர்கள் இருக்கிறார்கள். பார்க்க அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கும், வண்டிக்குக் காதே கேட்காது.

நான்கு வீலையும் வரிசையாகக் கேட்டேன். வலது முன் பதில் சொன்னது, இடது பின் சொன்னது, வலது பின்னில் இருந்த புதிய சென்சாரும் நன்றாகவே பேசியது. இடது முன் மட்டும் மூச்சுக் காட்டவில்லை. திரையிலோ இடது முன் டயருக்கு 30 என்று எண் வந்துகொண்டிருக்கிறது. பேசாத சென்சாருக்கு எண் எங்கிருந்து வருகிறது?

டூலில்தான் கோளாறோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன். கடையில் நின்றிருந்த இன்னொரு காரில் வைத்துப் பார்த்தேன், உடனே பதில் வந்தது. பிறகு கடையில் வேலை செய்யும் பையனிடம் வலது முன் டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கச் சொல்லிவிட்டு நான் உள்ளே உட்கார்ந்து திரையைப் பார்த்தேன். நிற்கும் வண்டியில் சென்சார் தூங்கினாலும், அழுத்தம் திடீரென்று இறங்கினால் விழித்துக்கொண்டு சொல்லும். வால்விலிருந்து உஸ்ஸென்று சத்தம் வருகிறது. திரையில் வலது முன் அப்படியே கோடாக நிற்கிறது. இடது பின் டயரின் எண் 30, 28, 26 என்று இறங்குகிறது.

"அண்ணா, நான் இறக்குறது இந்த டயரை" என்றான் பையன், வெளியிலிருந்து.

அந்த இடத்தில்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. கடை நோட்டை எடுத்துப் புரட்டினேன். போன மார்ச்சில் 52,000 கிலோமீட்டரில் இதே வண்டி, எங்கள் கடையில், டயர் ரொட்டேஷன், பேலன்சிங். என் கையெழுத்து. முன்சக்கர இழுவை வண்டிக்கு நாங்கள் செய்கிற வழக்கமான முறை: முன் டயர் இரண்டும் நேராகப் பின்னே, பின் டயர் இரண்டும் குறுக்காக முன்னே. வலது பின் வீல் இடது முன்னுக்குப் போகும், இடது பின் வீல் வலது முன்னுக்கு. வீலோடு சேர்ந்து சென்சாரும் இடம் மாறும். ஆனால் இந்த மாடல் எந்த அடையாள எண் எந்த மூலை என்பதை ஒருமுறை எழுதி வைத்துக்கொண்டு அதையே நம்பும், தானாகக் கண்டுபிடிக்காது. மாற்றிப் போட்டபின் ஓபிடி (வண்டியின் கம்ப்யூட்டரோடு டூலை இணைக்கும் சாக்கெட்) வழியாகப் புது இடங்களை எழுதிக் கொடுக்க வேண்டும். நாங்கள் கொடுக்கவில்லை. நான்கு டயரிலும் ஒரே அளவு காற்று இருந்ததால் பத்து மாதம் யாருக்கும் தெரியவும் இல்லை.

ஓபிடியில் டூலைச் செருகி வண்டியின் நினைவிலிருந்த நான்கு எண்களை எடுத்து, டயர்கள் சொன்ன எண்களோடு ஒப்பிட்டேன். வலது முன்னில் இருக்கும் சென்சார் இடது பின் என்ற பெயரில் பதிவாகியிருக்கிறது. இடது பின்னில் இருப்பது இடது முன் என்ற பெயரில். வலது பின்னில் இருக்கும் புதுச் சென்சாரின் எண் எந்த மூலைக்கும் பதிவாகவில்லை. பெரியவரிடம் பழைய சென்சார் எங்கே என்று கேட்டேன். டேஷ்போர்டு பெட்டியிலிருந்து, காப்பிக்கொட்டை சாம்பிள் பொட்டலங்களுக்கு அடியில், ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துக் கொடுத்தார். கவரின் மேலேயே டூலை வைத்தேன். உடனே பதில் வந்தது, பேட்டரி சரி என்றது. வண்டியின் நினைவில் அது வலது முன் என்று இருந்தது.

ஆக நடந்தது இது. செத்தது இடது முன் வீலில் இருந்த சென்சார். அதன் பழைய பெயர் வலது பின். திரை அந்தப் பழைய பெயரைச் சொன்னது. அந்தக் கடையில் நிஜமான வலது பின் வீலைக் கழற்றி, அதற்குள் உயிரோடு இருந்த சென்சாரை எடுத்துவிட்டார்கள். அது வலது முன் என்ற பெயரில் பேசிக்கொண்டிருந்தது, அதனால் இரண்டாவது கோடு. புதிதாகப் போட்டதை வண்டிக்கு அறிமுகப்படுத்தவில்லை, அதனால் முதல் கோடும் போகவில்லை. அவர்கள் டூலை ஒருமுறை வைத்துக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும் என்பது உண்மை. அவர்களைத் தவறான வீலுக்கு அனுப்பிவைத்தது எங்கள் மார்ச் மாத வேலை என்பதும் உண்மை.

பெரியவரிடம் அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சரி, இப்ப இன்னொரு சென்சார் வாங்கணுமா?" என்றார்.

வாங்க வேண்டுமா

இந்தச் சென்சார்களின் பேட்டரி பொத்தான் வடிவ லித்தியம் செல். அதைச் சுற்றிப் பிசின் ஊற்றி மூடியிருப்பதால் தனியாக மாற்ற முடியாது. பொதுவாக 5 முதல் 10 ஆண்டு தாங்கும். இந்த வண்டியில் இருந்தவை ஏழு ஆண்டுப் பழசு. டிசம்பரில் காலையில் கோடு, வெயில் ஏறினால் எண் என்று இருந்ததே, அது கடைசிக் காலத்துச் செல்லின் சுபாவம். குளிரில் அதற்குத் தெம்பு குறைந்துவிடும். சேலத்திலேயே நிற்கும் வண்டியாக இருந்தால் இன்னும் சில மாதம் தெரியாமல் ஓடியிருக்கும்.

எடுத்துவிட்ட சென்சார் உயிரோடு இருக்கிறது, ஆனால் அதற்கும் அதே வயது. புதுசு போட்டுவிடலாம் என்று சொல்வதுதான் கடைக்காரனுக்கு லாபம், வழக்கமாக நானும் அதைத்தான் சொல்வேன். டயரைக் கழற்றும் வேலை இரண்டு தடவை வராது. இங்கே டயர் ஆழத்தைப் பார்த்தேன். முன் டயரில் 3 மில்லிமீட்டர்தான் மீதி. மழைக்கு முன்னால் நான்கு டயரும் மாற்றியே ஆக வேண்டும். அப்போது எப்படியும் எல்லா ரிம்மும் திறக்கும். அதுவரை நாலு மாதத்துக்குப் பழைய சென்சார் போதும், டயர் மாற்றும்போது பழைய மூன்றையும் சேர்த்து மாற்றிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். பையனுக்கு இதில் சம்மதமில்லை. "நடுவுல செத்துப்போச்சுன்னா நம்ம பேருதான் கெடும்ணா" என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

இடது முன் வீல்

சென்சார் உள்ள ரிம்மில் சென்சாரை உடைக்க மிகச் சுலபமான இடம் பீடு (ரிம்மில் இறுகி உட்காரும் டயர் விளிம்பு) உடைக்கும் மிஷின். தள்ளும் பிளேடு வால்வுக்குப் பக்கத்தில் இறங்கினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பெட்டி நொறுங்கிவிடும். வால்வு மேலே 12 மணி இடத்தில் இருந்தால் பிளேடு கீழே 6 மணியில் இறங்க வேண்டும். வால்வுக்கு நேராக டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டோம், திரும்ப ஏற்றும்போது பேலன்சிங் அதே இடத்தில் உட்காருவதற்காக. ஒரு சென்சார் மாற்றுவதற்கு டயரை ரிம்மிலிருந்து முழுசாக எடுக்க வேண்டியதில்லை. வால்வுக்குள் இருக்கும் சின்னப் பின்னைக் கழற்றிக் காற்றை முழுக்க விட்டு, வெளிப்பக்கத்துப் பீடை மட்டும் இறக்கி, டயர் விலாவைக் கீழே அமுக்கிப் பிடித்தால் கை போகும் அளவுக்கு இடம் கிடைக்கும். நான் அமுக்கிப் பிடித்தேன், பையன் கையை விட்டான்.

வால்வு அலுமினியத் தண்டு, வெளியே ஒரு நட்டு. நட்டைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தது. தண்டின் தலையில் பளபளவென்று ஒரு பித்தளை மூடி, ரோட்டோரக் கடைகளில் அழகுக்கு விற்பார்களே, அது. அலுமினியமும் பித்தளையும் ஈரத்தில் சேர்ந்திருந்தால் அலுமினியம் அரித்துப்போய் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். மலைப் பனியில் வருஷக்கணக்கில் நனைந்த மூடி கையால் திருகினால் வரவில்லை. பிளையரால் பலமாகத் திருகியிருந்தால் தண்டே முறிந்திருக்கும். எண்ணெய் விட்டுக் கால் மணி நேரம் காத்திருந்து எடுத்தோம். இந்தத் தண்டுக்குப் பிளாஸ்டிக் மூடிதான் போட வேண்டும், உள்ளே போகும் பின்னும் நிக்கல் பூசியதாக இருக்க வேண்டும்.

நட்டைக் கழற்றி உள்ளே தள்ளியதும் சென்சார் பையன் கைக்கு வந்தது. துடைத்துவிட்டு அதன் முதுகில் அச்சடித்திருந்த எட்டு இலக்கத்தை வெளிச்சத்தில் வாசித்தான். நான் ஓபிடியில் எடுத்து எழுதி வைத்திருந்த காகிதத்தைப் பார்த்தேன். வலது பின் என்று பதிவாகியிருந்த அதே எண்.

பழைய சென்சாராக இருந்தாலும் அதன் வால்வு சாமான்களைப் பழையபடியே போடக் கூடாது. ரப்பர் வளையம், நட்டு, பின், மூடி நான்கும் புது கிட்டிலிருந்து போட்டோம். ஒருமுறை நசுங்கிய ரப்பர் மறுபடி அதே இடத்தில் உட்காராது, மெல்லக் கசியும். ரிம் ஓட்டையைச் சுற்றியிருந்த வெள்ளைப் பூச்சைத் துணியால் தேய்த்து எடுத்தோம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கீறல் விழுந்து அதன் வழியாகவே காற்று போகும். நட்டு இறுக்கம் 8 நியூட்டன் மீட்டர் என்று கிட்டோடு வந்த தாளில் இருந்தது. கைப்பழக்கத்தில் இறுக்கும் இறுக்கத்தைவிட இது ரொம்பக் குறைவு. பையன் சாதாரண ஸ்பேனரை எடுத்தான், நான் இறுக்கத்தை அளக்கும் சின்ன டார்க் ரெஞ்சைக் கொடுத்தேன். மாட்டுவதற்கு முன்னால் சென்சாரை வெளியே வைத்து ஒருமுறை கேட்டோம், மாட்டியபின் டயரை மூடும் முன் இன்னொரு முறை. மூடியபிறகு பேசவில்லை என்று தெரிந்தால் மறுபடியும் முதலிலிருந்து.

பீடுக்குச் சோப்புத் தடவும்போது சென்சாரின் மூச்சுத் துளையில் படாமல் பார்த்துக்கொண்டோம். பஞ்சர் ஆகாமல் இருக்க டயருக்குள் ஜெல் ஊற்றுகிறார்களே, அது இந்தத் துளையை அடைத்துவிடும். அப்படி அடைபட்ட சென்சார் எந்நேரமும் ஒரே எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கும், வண்டிக்காரர் நிம்மதியாக இருப்பார்.

காற்று ஏற்றும்போது டப் டப்பென்று இரண்டு சத்தம், பீடு உட்கார்ந்தது. வால்வு அடியில் சோப்புத் தண்ணி, குமிழ் இல்லை. பேலன்சிங்கில் 5 கிராம் கூட்ட வேண்டியிருந்தது. வலது பின்னில் அந்தக் கடையார் போட்ட புதுச் சென்சாரையும் சோப்புத் தண்ணியில் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார்கள், வேறு வீலில்.

அப்புறம் ஓபிடியில் நான்கு எண்களையும் இப்போதைய மூலைகளுக்கு எழுதினோம். இடது முன்னிலிருந்து கடிகாரச் சுற்றில் ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்பி, எண்ணை வாங்கி, வண்டிக்கு அனுப்புவது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மார்ச்சில் நாங்கள் மிச்சம் பிடித்தது இந்த ஐந்து நிமிடத்தைத்தான். பிறகு பையனை ஓட்டச் சொல்லி அடிவாரம் வரை போய் வந்தோம். சென்சார்கள் சக்கரம் சுழலும் வேகத்தில்தான் முழுசாக விழிக்கும், 30 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட வேண்டும். கோரிமேடு தாண்டியதும் நான்கு எண்ணும் வந்துவிட்டன, விளக்கு அணைந்தது. திரும்பி வந்து ஒவ்வொரு டயரிலும் 3 பிஎஸ்ஐ இறக்கி, திரையில் அதே மூலை இறங்குகிறதா என்று பெரியவரையே உள்ளே உட்காரவைத்துப் பார்க்கச் சொன்னேன். நாலும் சரி.

வால்வு கிட்டுக்கு மட்டும் காசு வாங்கினேன். கூலி வாங்கவில்லை. அந்த 3,200 அவருக்கு வீண் போகவில்லை என்று சமாதானம் சொல்லலாம், அந்தச் சென்சார் இப்போது வேலை செய்கிறதே. ஆனால் அவர் பட்ட அலைச்சலுக்கு அது பதில் இல்லை.

காற்று வைக்கும் வழக்கத்தையும் மாற்றச் சொன்னேன். வண்டி எங்கே தூங்குகிறதோ அங்கே, காலையில் நகர்த்துவதற்கு முன்னால், கேஜில் 33. சேலம் பங்கில் சூட்டோடு வைக்க வேண்டாம். 12 வோல்ட்டில் ஓடும் சின்ன பம்ப் ஒன்று வாங்கிக்கொண்டார். மேலே கேஜில் 33 இருக்கும்போது திரை 30 அல்லது 31 காட்டும், அதைப் பார்த்து இன்னும் ஏற்ற வேண்டாம். அதே டயர் கீழே சேலத்தில் ஒரு ராத்திரி நின்றால் கேஜில் 33ஐ ஒட்டியே வரும், கொஞ்சம் முன்பின் இருந்தாலும் அதற்காக ஏற்றவோ இறக்கவோ வேண்டாம். வளைவுகளில் பிரேக்கை விடாமல் மிதித்து இறங்கினால் ரிம் சூடாகி இன்னும் கூடக் காட்டும். அதற்குக் கியரைக் குறைத்து இறங்க வேண்டுமே தவிர, அடிவாரத்தில் நிறுத்திக் காற்றைத் திறந்துவிடக் கூடாது. ஸ்டெப்னியில் சென்சார் கிடையாது. அதை மாட்டி ஓட்டினாலும் விளக்கு சிமிட்டும், பயப்பட வேண்டாம் என்றும் சொல்லி வைத்தேன். 2020 அக்டோபரிலிருந்து, டிபிஎம்எஸ்ஸும் பஞ்சர் கிட்டும் ட்யூப்லெஸ் டயரும் இருக்கும் கார்களுக்கு ஸ்டெப்னி இல்லாமலே விற்க அனுமதி இருக்கிறது. அந்த மாதிரி வண்டி வைத்திருப்பவருக்கு இந்த விளக்கு இன்னும் முக்கியம்.

எங்கள் கடையில் ஒரு மாற்றம் செய்தோம். ரொட்டேஷன் என்று நோட்டில் எழுதினால் பக்கத்தில் இன்னொரு கட்டம், டிபிஎம்எஸ் இடம் எழுதியாச்சா என்று. அது நிரம்பாமல் சாவி போகாது. முதல் வாரத்திலேயே பையன் இரண்டு வண்டியை வாசலில் மறித்துத் திரும்பக் கூப்பிட்டான்.

மே மாதம், ஏற்காட்டில் கோடை விழாக் கூட்டம் ஏறிக்கொண்டிருந்த ஒரு நாள், பெரியவர் நான்கு டயரும் மாற்ற வந்தார். இடையில் விளக்கு ஒருமுறைகூட எரியவில்லையாம். பழைய மூன்று சென்சாரையும் எடுத்துவிட்டுப் புதிது போட்டோம். எடுத்ததை மேசையில் வரிசையாக வைத்துப் பையன் டூலைக் காட்டினான். இரண்டில் பேட்டரி சரி என்று வந்தது. ஜனவரியில் நாங்கள் இடது முன்னில் திரும்பப் போட்டோமே, அதில் மட்டும் பேட்டரி குறைவு என்று வந்தது. பையன் என்னைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை.